வெளியே போவதைப் பாருங்கள்

2003 மே மாதம், அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நேர சர்வருக்கு எங்கிருந்தோ தகவல் பாக்கெட்டுகள் வந்து குவியத் தொடங்கின. கணினிகள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள மணி கேட்கும் சர்வர் அது. பல்கலைக்கழகம் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருந்தது. நொடிக்குப் பல்லாயிரம் பேர் மணி கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். யாரோ தாக்குகிறார்கள் என்றே நெட்வொர்க் பிரிவினர் முதலில் கருதினார்கள். இத்தகைய தாக்குதல்கள் வழக்கமாகச் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் என்பதால், நுழைவாயிலிலேயே தடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஓயவில்லை. ஜூன் மாதத்தில் அது நொடிக்கு இரண்டரை லட்சம் பாக்கெட்டுகளைத் தாண்டியது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த அந்தப் பாக்கெட்டுகளுக்கு ஒரு பொது அடையாளம் இருந்தது: எல்லாமே 23457 என்ற ஒரே போர்ட் எண்ணிலிருந்து புறப்பட்டிருந்தன. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு அனுப்பியவர்களைத் தேடிப் போனபோது தாக்குதல்காரர் எவரும் அகப்படவில்லை. அகப்பட்டவை, நெட்கியர் நிறுவனம் விற்ற மலிவு விலை வீட்டு ரவுட்டர்கள். சில மாடல்களின் மென்பொருளுக்குள் அந்தப் பல்கலைக்கழகத்தின் முகவரியை எழுதிவைத்திருந்தார்கள். பதில் வராவிட்டால் நொடிக்கொரு முறை மறுபடி கேட்கும்படியும் எழுதியிருந்தார்கள். தடுத்ததால் பதில் போகவில்லை, பதில் போகாததால் பெட்டிகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட பெட்டிகள் சுமார் 7 லட்சம் தயாராகியிருந்தன.

இந்த நிகழ்ச்சியைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றே பேசுகிறார்கள். நமக்கு அதைவிட முக்கியமானது அந்த லட்சக்கணக்கான வீடுகளின் பக்கம். தங்கள் அலமாரி மேல் இருந்த சிறு பெட்டி, கேட்பாரில்லாமல் நொடிக்கொரு தடவை ஒரு பல்கலைக்கழகத்தைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. அவர்களில் யாராவது தம் வீட்டிலிருந்து வெளியே போகும் போக்குவரத்தை ஒரு நாள் பார்த்திருந்தால், பல்கலைக்கழகத்தினர் வாரக்கணக்கில் தேடியதை ஐந்து நிமிடத்தில் கண்டிருப்பார். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வடிகட்டும் வீட்டு ஃபயர்வாலைப் பற்றி இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதுதான். ஃபயர்வாலின் பதிவேட்டைத் திறந்தவுடன் நம்மைப் பயமுறுத்துவது வெளியிலிருந்து வந்து தடுக்கப்பட்டவை. நாம் உண்மையில் ஆராய வேண்டியதோ உள்ளிருந்து புறப்பட்டு, தடையின்றி வெளியே போனவை.

முதலில் பதிவேட்டின் ஒரு வரியைப் படித்துவிடுவோம். இணையத்தில் எல்லாத் தகவலும் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பயணிக்கிறது. ஒவ்வொன்றிலும் அனுப்புநரின் ஐபி முகவரியும் பெறுநரின் ஐபி முகவரியும் இருக்கும். கூடவே இரு பக்கத்துக்கும் ஒரு போர்ட் எண் இருக்கும். ஐபி முகவரியை அடுக்குமாடிக் குடியிருப்பின் தெரு முகவரி என்று கொண்டால், போர்ட் எண் அதிலுள்ள வீட்டு எண். இணையதளங்கள் 443இல், மணி சொல்லும் சர்வர்கள் 123இல், பழைய டெல்நெட் என்ற தொலைக் கட்டுப்பாட்டு வசதி 23இல் குடியிருக்கின்றன. இப்போது பதிவேட்டில் ஒரு வரி: ‘20:41:07, தடுக்கப்பட்டது, 203.0.113.45 முகவரியின் 51522ஆம் போர்ட்டிலிருந்து உங்கள் முகவரியின் 23ஆம் போர்ட்டுக்கு.’ யாரோ ஒருவர் உங்கள் வீட்டில் டெல்நெட் திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். ஃபயர்வால் பதிலே சொல்லாமல் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டது. இதே போல அடுத்த நிமிடம் வேறொரு நாட்டு முகவரியிலிருந்து, அதற்கடுத்த நிமிடம் இன்னொன்றிலிருந்து. முதன்முறை பார்ப்பவருக்கு, உலகமே தன் வீட்டைக் குறிவைத்திருக்கிறது என்று தோன்றுவது இயல்பு.

உண்மையில் யாரும் குறிவைக்கவில்லை. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தம் 429 கோடிக்குச் சற்றே கூடுதல். கேட்க மலைப்பாக இருந்தாலும் கணினிக்கு இது சிறிய எண். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற மென்பொருள், வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கணினியிலிருந்து, அத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று முக்கால் மணி நேரத்துக்குள் பார்த்து முடித்தது. இன்று அப்படிப் பார்ப்பவர்கள் ஏராளம். ஆராய்ச்சிக்காகப் பார்ப்பவர்கள், ஷோடான், சென்சிஸ் போலத் தேடுபொறியாகவே நடத்துபவர்கள், திருடுவதற்காகப் பார்ப்பவர்கள், ஏற்கெனவே கிருமி, அதாவது தீய மென்பொருள், தொற்றிய கருவிகள் எல்லாம் இதில் அடக்கம். யாருமே குடியிருக்காத முகவரிக்கும் இந்த வரவு உண்டு. 2010 ஜனவரியில் ஐரோப்பிய முகவரிப் பதிவகமான ரைப், அதுவரை யாருக்கும் ஒதுக்கப்படாமலிருந்த 1.1.1 என்று தொடங்கும் முகவரிகளைச் சோதனைக்காக இணையத்தில் அறிவித்துப் பார்த்தது. அங்கே எந்தக் கருவியும் இல்லை, எந்தச் சேவையும் இல்லை. ஆனாலும் 10 மெகாபிட் இணைப்பு உடனே நிரம்பிப்போனது. ஆளில்லாத முகவரிக்கே இந்தக் கூட்டம் என்றால், உங்கள் முகவரிக்கு வருவது உங்களைப் பற்றிய செய்தி எதையும் சொல்லவில்லை.

தேடி வருபவை போக, தாக்குதல்போலத் தெரிந்து தாக்குதலாக இல்லாதவை இன்னும் சில வகை. பதிவேட்டில் கூகுள் முகவரியின் 443ஆம் போர்ட்டிலிருந்து உங்கள் வீட்டின் பெரிய எண் போர்ட் ஒன்றுக்கு வந்து தடுக்கப்பட்ட பாக்கெட்டைப் பார்த்தால், கூகுள் ஊடுருவப் பார்க்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் கைபேசி கொஞ்ச நேரத்துக்கு முன் தானே தொடங்கிய உரையாடலின் வால் அது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குக் கைபேசி மாறியிருக்கும். உரையாடல் முடிந்துவிட்டதாக ஃபயர்வால் அதைத் தன் நினைவிலிருந்து நீக்கியிருக்கும். தாமதித்து வந்த கடைசிப் பதில் அந்நியனாகத் தெரிகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டபின் புது முகவரி கிடைத்த வீடுகளில் இன்னொன்று நடக்கும். அந்த முகவரியை நேற்றுவரை வைத்திருந்தவர் கோப்புகளைப் பலரோடு பகிரும் டோரண்ட் இயக்கியிருந்தால், அவருடைய பழைய கூட்டாளிகள் பல மணி நேரத்துக்கு உங்கள் முகவரிக்கே வந்துகொண்டிருப்பார்கள். வேறெங்கோ நடக்கும் தாக்குதலில் பொய்யான அனுப்புநராக உங்கள் முகவரி எழுதப்பட்டிருந்தால், அடிபட்டவரின் பதில் உங்களுக்கு வரும். 2001இல் சான் டியாகோ ஆராய்ச்சியாளர்கள் இப்படி வழிதவறி வந்த பதில்களை மட்டுமே எண்ணி, மூன்று வாரத்தில் 12,000க்கும் மேற்பட்ட தாக்குதல்கள் நடந்ததைக் கண்டறிந்தார்கள். இனி, 224.0.0.251, 239.255.255.250 போன்ற விநோத முகவரிகள்: வீட்டுக்குள்ளேயே டிவியும் பிரிண்டரும் கைபேசியும் ஒன்றையொன்று தேடிக் கூப்பிடும் பொது அழைப்புகள் இவை. வீட்டைத் தாண்டிப் போவதில்லை.

அப்படியானால் வெளியிலிருந்து வருவதைப் பற்றிக் கவலையே வேண்டாமா, ஃபயர்வால்தான் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபயர்வால் தேவைப்படுவதே இந்த ஓயாத வரவு இருப்பதால்தான். அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2016ஆம் ஆண்டு காட்டியது. மிராய் என்ற கிருமி, இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் வீடியோ ரெக்கார்டர்களையும் தேடிப் போனது. அதனிடம் நுட்பமான ஆயுதம் ஏதும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் சுமார் 60 மட்டும் இருந்தன. அட்மின் என்றால் அட்மின், ரூட் என்றால் 12345 என்பது மாதிரி. அவ்வளவை வைத்துக்கொண்டு உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகளைப் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை நடத்திய டின் என்ற நிறுவனத்தின் மேல் அந்தக் கருவிப் படையில் ஒரு பகுதி ஏவப்பட்டபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பெரும்பகுதியில் மணிக்கணக்கில் எட்டாமல் போயின. எனவே உள்வரவைத் தடுக்கும் வேலை அவசியமானது. ஆனால் அந்த வேலை தடுத்ததோடு முடிந்தது. தடுக்கப்பட்ட ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து ஆராய்வதால் வீட்டின் பாதுகாப்பு இம்மியும் கூடுவதில்லை. நாம் கவனிக்க வேண்டிய வரி, மிராய் தொற்றிய கேமரா இருந்த வீட்டின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும்: ‘192.168.1.37இலிருந்து 198.51.100.9இன் 23ஆம் போர்ட்டுக்கு, அனுமதிக்கப்பட்டது.’ அடுத்த வரியில் அதே கேமரா, முற்றிலும் வேறு முகவரி, அதே 23. அதற்கடுத்ததிலும். வாசலைப் படம்பிடிக்க வாங்கிய கேமராவுக்கு உலகெங்கும் டெல்நெட் தேடும் வேலை கிடையாது. இந்த ஒரு வரி, தடுக்கப்பட்ட பத்தாயிரம் வரிகளைவிட அதிகம் சொல்கிறது.

இங்கேதான் வீட்டு ஃபயர்வாலின் அடிப்படை விதியை நினைவில் கொள்ள வேண்டும். உள்ளிருந்து தொடங்கிய உரையாடலை அது நம்பும். வெளியிலிருந்து தொடங்குவதை நம்பாது. கிட்டத்தட்ட எல்லா வீட்டு ரவுட்டரும் இப்படித்தான் அமைக்கப்பட்டு வருகிறது. உள்ளே இருப்பவை எல்லாம் வீட்டாரின் கணினிகள், அவற்றை வீட்டார் இயக்குகிறார்கள் என்ற பழைய காலத்து நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. இன்று உள்ளே இருப்பது டிவி, கேமரா, பல்பு, ஏசி, தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் ஸ்விட்ச். இவற்றுக்குள் ஓடும் மென்பொருளை எழுதியது யார், அது யாரோடு பேசுகிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு யுபிஎன்பி என்ற வசதி பல ரவுட்டர்களில் இயல்பாகவே திறந்திருக்கிறது. உள்ளிருக்கும் கருவி கேட்டால் வெளியுலகுக்கு ஒரு போர்ட்டை, உங்களைக் கேட்காமலே, திறந்துவிடும். இந்திய வீடுகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே பல நிறுவனங்கள் முகவரிப் பற்றாக்குறையால் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் உங்கள் வீடும் அந்த வகை. அப்படிப்பட்ட வீட்டுக்கு வெளியிலிருந்து வரும் பழைய முறைத் தேடல்களே பெரும்பாலும் எட்டாது. அங்கே பதிவேடு அமைதியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்தால் ஏமாந்தோம்; படிக்க வேண்டிய பக்கம் அங்கே ஒன்றே ஒன்றுதான், வெளிப்போக்கின் பக்கம். புதிய முறையான ஐபிவி6 வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தருகிறது. இந்தியா அதில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் இயக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

வெளிப்போக்கைப் பார்த்ததால் வெளிவந்த உண்மைகளுக்குக் குறைவில்லை. 2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த ஒரு கணினி வல்லுநர், டி95 என்ற மலிவு ஆண்ட்ராய்டு டிவி பெட்டியில் பை-ஹோல் என்ற டிஎன்எஸ் வடிகட்டியை நிறுவினார். விளம்பரத்தைத் தடுக்கும் சாதாரண மென்பொருள் அது. அதன் பட்டியலில், அந்தப் பெட்டியே கிருமி பரப்பும் முகவரிகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கிருமி அதற்குள் இருந்திருக்கிறது. அதே ஆண்டு இறுதியில் ஆய்வு நிறுவனங்கள் இதைப் பேட்பாக்ஸ் என்ற பெரிய வலையின் பகுதி என்று காட்டின. 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ இத்தகைய பெட்டிகளைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதம் கூகுள் தொடுத்த வழக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் இதில் சிக்கியிருப்பதாகக் கூறியது. இந்தப் பெட்டிகள் எதற்குப் பயன்படுகின்றன? பிறர் உங்கள் வீட்டு முகவரியை வாடகைக்கு எடுத்துக்கொள்ள. திருட்டுக் கார்டில் பொருள் வாங்குகிறவரும் போலிக் கணக்குத் தொடங்குகிறவரும் உங்கள் வீட்டிலிருந்து செய்வதுபோல் செய்யலாம். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற வலை, இலவச விபிஎன் செயலிகள் வழியாகவே சுமார் 1.9 கோடி ஐபி முகவரிகளை இப்படி வாடகைக்கு விட்டிருந்தது. மாதச் சந்தா இல்லாமல் தமிழ்ச் சேனல்கள் பார்க்கலாம் என்று பெயர் தெரியாத பெட்டிகளை வாங்கும் வெளிநாட்டுத் தமிழர் வீடுகள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கிருமிதான் என்றில்லை, பெயர்பெற்ற நிறுவனங்களும் உண்டு. விஸியோ நிறுவனத்தின் 1.1 கோடி டிவிகள், திரையில் ஓடுவதை நொடிக்கு நொடி குறித்து, பார்ப்பவர் அறியாமல் அனுப்பிவந்தன. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை நிறுவனம் தீர்த்துக்கொண்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. உள்வரவு வெறும் இரைச்சல் என்றால் வெளிப்போக்கும் இரைச்சல்தானே? ஒரு கைபேசி மட்டுமே நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை வெளியே பேசுகிறது. அதில் நல்லது எது, கெட்டது எது என்று சாதாரண மனிதர் எப்படிப் பிரிப்பார்? இந்த மறுப்பில் உண்மை உண்டு. பல ஆண்டுகள் குரோம் பிரௌசர் திறக்கும்போதெல்லாம் அர்த்தமற்ற எழுத்துகளைக் கோத்து மூன்று பெயர்களை டிஎன்எஸ்ஸில் தேடிவந்தது. இணைய நிறுவனம் பொய்ப் பதில் தருகிறதா என்று சோதிக்கும் உத்தி அது. 2008இல் பரவிய கான்ஃபிக்கர் கிருமியும் தன் எஜமானரைத் தேட அர்த்தமற்ற பெயர்களைத்தான் தயாரித்தது. பதிவேட்டில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குரோமின் அந்தச் சோதனை, 2020 வாக்கில், இணையத்தின் வேர் டிஎன்எஸ் சர்வர்களுக்கு வரும் மொத்தக் கேள்விகளில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. பிறகே அதை மாற்றினார்கள். ஆக, விசித்திரமாகத் தெரிவதெல்லாம் கெட்டதாகாது. ஆனால் உள்வரவுக்கும் வெளிப்போக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை அனுப்பியவர் யார் என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. முகவரி ஒரு நாட்டைக் காட்டினாலும் அங்கிருப்பது கிருமி தொற்றிய யாருடைய கேமராவாகவோ இருக்கும். உள்ளிருந்து போகும் பாக்கெட்டை அனுப்பிய கருவி உங்கள் வீட்டில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் பிளக்கைப் பிடுங்கலாம். விடை காணக்கூடிய கேள்வியில் நேரத்தைச் செலவிடுவதுதான் அறிவு.

விடை காணும் வழியும் அப்படியொன்றும் சிக்கலானதல்ல, பொறுமைதான் வேண்டும். முதலில் பதிவேட்டின் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். பல ஃபயர்வால்கள் உலக நேரத்தில் எழுதும். மேலே சொன்ன 20:41 என்ற வரி, இந்திய நேரப்படி மறுநாள் அதிகாலை 2:11. சாயங்காலம் பையன் விளையாடியதும் நள்ளிரவில் யாரும் தொடாதபோது நடந்ததும் இந்த ஐந்தரை மணி நேரத்தில் குழம்பிப்போகும். அடுத்து, கருவி எது என்று பார்க்க வேண்டும். 192.168.1.37 யார் என்பது ரவுட்டரின் கருவிப் பட்டியலில் இருக்கும்; பெயர் இல்லாவிட்டால் கருவியின் மேக் என்ற வன்பொருள் முகவரியின் முதல் ஆறு எழுத்துகள் தயாரிப்பாளரைக் காட்டும். அந்த முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், அது பெரும்பாலும் தன் அடையாளத்தை மறைக்கக் கைபேசி தானே உருவாக்கிய எண். ‘தெரியாத கருவி ஒன்று வைஃபையில் இருக்கிறது’ என்று பதறுகிறவர்கள் பலர் பார்ப்பது தங்கள் சொந்தக் கைபேசியைத்தான். அதற்கடுத்து, எங்கே போகிறது. ஐபி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் அமேசான் என்றோ கிளவுட்ஃப்ளேர் என்றோ வரும். அவர்களிடம் வாடகைக்கு இருப்பவர் யார் என்று தெரியாது. அதைவிட, பாக்கெட் கிளம்புவதற்குச் சற்று முன் அதே கருவி டிஎன்எஸ்ஸில் எந்தப் பெயரைக் கேட்டது என்று பார்ப்பது பயன் தரும். பிறகு தாளம், அளவு. நாள்தோறும் ஒரே நேரத்தில் வந்து போவது புதுப்பிப்பாக இருக்கலாம். டிவி வாங்கிக்கொள்வது அதிகமாகவும் அனுப்புவது குறைவாகவும் இருப்பது இயல்பு; யாரும் பார்க்காத இரவில் அது வாங்குவதைவிட அதிகம் அனுப்பினால் விளக்கம் தேவை. கடைசியாக, கருவியை அணைத்துப் பாருங்கள். போக்குவரத்து நின்றால் ஆள் அகப்பட்டது. நிற்காவிட்டால் தவறான கருவியைப் பிடித்திருக்கிறோம். வேறெந்த மென்பொருளும் இதைவிட உறுதியான பதில் தராது.

எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்ட காலத்தில் பதிவேட்டைப் பார்த்து என்ன தெரியும் என்று கேட்பவர்களும் உண்டு. உள்ளடக்கம் தெரியாது, உண்மை. ஆனால் மேலே சொன்ன எந்த நிகழ்விலும் உள்ளடக்கம் தேவைப்படவில்லை. விஸ்கான்சினில் துப்புக் கொடுத்தது ஒரு போர்ட் எண். மிராய் கேமராவைக் காட்டிக்கொடுப்பது அது தொடர்புகொள்ளும் முகவரிகளின் எண்ணிக்கை. டி95 பெட்டியைப் பிடித்தது டிஎன்எஸ் பெயர்கள். யார், யாரிடம், எப்போது, எவ்வளவு என்ற நான்கும் தெரிந்தால் வீட்டளவில் முடிவெடுக்கப் போதும். டிஎன்எஸ் கேள்வியையும் மறைத்து அனுப்பும் முறை பரவிவருவதால் பெயர்கள் கண்ணுக்குத் தெரிவது குறையும். அப்போதும் ஒரு பல்பு, வீட்டு டிஎன்எஸ்ஸை ஒதுக்கிவிட்டுத் தனக்கென்று மறையாக்கிய டிஎன்எஸ் வைத்திருக்கிறது என்ற செய்தியே கவனிக்கத்தக்கது.

தெரியாததையெல்லாம் தடுத்துவிடலாம் என்ற அவசரத்தையும் ஏற்க முடியாது. இணையக் கருவிகள் ஒன்றுக்கொன்று நிலைமையும் பிழையும் தெரிவிக்கும் ஐசிஎம்பி பாக்கெட்டுகளை மொத்தமாகத் தடுத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை நெடுநாளாக உண்டு. பாக்கெட் பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு என்று வழியிலுள்ள ரவுட்டர் சொல்லும் செய்தியும் ஐசிஎம்பிதான். அதைத் தடுத்தால் சில தளங்கள் பாதி திறந்து நின்றுவிடும், காரணமும் புரியாது. ஐபிவி6இல் இணைப்பே கெடும். 123ஆம் போர்ட்டை மூடினால் கேமராவின் கடிகாரம் தவறும்; கடிகாரம் தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிந்து கருவி இயங்காமல் போகலாம். மேடிசனில் நடந்ததும் இதுவே: புரிந்துகொள்ளாமல் தடுத்ததால் பெட்டிகள் அடங்கவில்லை.

இன்னொரு மறுப்பைப் பெரும்பாலோர் எழுப்புவதில்லை. எனக்கு அதுவே கனமானதாகப் படுகிறது. வீட்டின் டிஎன்எஸ் பட்டியல், கருவிகள் எங்கே போகின்றன என்பதோடு மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் காட்டும். மகள் எந்த நோயைப் பற்றித் தேடினாள், மனைவி எந்த வக்கீலின் தளத்தைப் பார்த்தாள், வாடகைக்கு இருக்கும் பையன் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறான் என்பதெல்லாம் பெயர்களிலேயே தெரிந்துவிடும். கேமராவைக் கண்காணிக்கத் தொடங்கியவர் குடும்பத்தைக் கண்காணிப்பவராக மாற ஒரு நாள் போதும். எனவே பதிவேடு வைப்பவர் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். சில நாட்களுக்கு மேல் சேமிக்காமல் அழிக்க வேண்டும். இதைவிட நல்ல வழி, டிவி, கேமரா, பல்பு ஆகியவற்றை ரவுட்டரின் விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபைக்கு மாற்றிவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் பதிவு செய்வது. மனிதர்களின் கைபேசிகளும் மடிக்கணினிகளும் பார்வைக்கு வெளியே இருக்கும். கிருமி தொற்றிய பெட்டி அவற்றை எட்டுவதும் கடினமாகும்.

கெட்ட கருவி ஒன்று அகப்பட்டால் செய்ய வேண்டியது அதன் வகையைப் பொறுத்தது. மிராய் போன்றவை நினைவகத்தில் மட்டும் வாழ்வதால் அணைத்துப் போட்டால் போய்விடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சீக்கிரமே திரும்ப வரும். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் மோடம்களைக் கிருமி தாக்கியபோது, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாதவர்களே அகப்பட்டார்கள். நிறுவனமே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பேட்பாக்ஸ் வகையோ தொழிற்சாலையிலேயே மென்பொருளோடு கலந்து வருவது, ரீசெட் செய்தாலும் போகாது. அந்தப் பெட்டியை இணையத்திலிருந்து கழற்றிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கொடுத்த பணம் போனதுதான். கணினியிலும் கைபேசியிலும் சந்தேகம் இருந்தால் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 முதல் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில் கிருமி நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பணம் கொடுத்து வாங்கியவர் தாமே துப்பறியவும் வேண்டுமா, இது தயாரிப்பாளரின் பொறுப்பு இல்லையா என்ற கேள்வி இறுதியில் வந்தே தீரும். பொறுப்பு அவர்களுடையதுதான். விஸ்கான்சின் விஷயத்தில் நெட்கியர் திருத்திய மென்பொருளை வெளியிட்டு, பல்கலைக்கழகத்துக்கு 3,75,000 டாலர் கொடுத்தது. ஆனால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளத் தெரியாத பெட்டிகளுக்குத் திருத்தம் வெளியானதால் மட்டும் என்ன ஆகும்? வீட்டுக்காரர் கைவைத்தால்தான் மாறும். சட்டம் மெல்ல வருகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே தொழிற்சாலைக் கடவுச்சொல் வைத்து விற்பது சட்டவிரோதம். எத்தனை காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவோம் என்பதையும் விற்பவர் சொல்லியாக வேண்டும். ஒரு கருவி யார் யாரோடு மட்டும் பேசும் என்பதைத் தயாரிப்பாளரே எழுதித் தரும் பொது வடிவமும் 2019 முதல் இணையத் தர அமைப்பிடம் இருக்கிறது. அதை ரவுட்டர் படித்து, பட்டியலில் இல்லாத எதையும் தடுத்துவிடும். கேமராவும் டிவியும் அந்தப் பட்டியலோடு வந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையிருக்காது. கடையில் விற்கும் வீட்டுக் கருவிகளில் அதைக் காண்பது அரிதாக இருக்கிறது. வாங்குபவர் கேட்காததைத் தயாரிப்பாளர் தானாகத் தரப்போவதில்லை. ஆகவே அடுத்த முறை கேமராவோ டிவி பெட்டியோ வாங்கும்போது, எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, எந்த ஆண்டுவரை புதுப்பிப்பு வரும், கடவுச்சொல்லை மாற்ற முடியுமா, இணையமே இல்லாமல் இது வேலை செய்யுமா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வேறு கடையைப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டியிருப்பவற்றுக்கு, ரவுட்டரில் யுபிஎன்பியை அணைத்து, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றி, ஒரு வாரம் அவை எங்கே போகின்றன என்று பார்த்துவிடுங்கள்.